வாடைக்காற்றில் ஒரு நாள், இரண்டு கடல்

பாம்பனில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். வானிலை அறிக்கையில் வழக்கமான வரிதான்: மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 55 கிலோமீட்டர் வரையிலும் சூறைக்காற்று வீசக்கூடும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம். என் மச்சினன் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, “நாம என்ன மச்சான், மீனவங்களா?” என்றான். மூன்று பேரும் சிரித்தோம். இப்போது அதை நினைத்தால் கூசுகிறது. ஐம்பது வருடம் கடலில் கிடப்பவர்களையே வேண்டாம் என்று சொல்லும் நாளில், மூன்று வருடம் கண்மாயில் துடுப்புப் போட்டவர்களுக்கு என்ன தனிச் சலுகை?

மூன்று பேர் என்றேன். நான், மச்சினன், எனக்குத் தம்பி முறையான சித்தப்பா மகன். சித்தப்பா மகனுக்கு இருபத்திரண்டு வயது, கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறான். எங்களிடம் இரண்டு கயாக், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் சின்னப் படகு, உண்டு. ஒன்று இருவர் உட்காருவது, இன்னொன்று ஒற்றை ஆள். இரண்டும் பழையவை. உள்ளே காலை நுழைத்து உட்காரும் வகை இல்லை. மேலே உட்கார்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் வகை, ஏறும் தண்ணீர் அடியிலுள்ள துளைகள் வழியாக வடிந்துவிடும். ராமநாதபுரம் பெரிய கண்மாயில் தண்ணீர் நிற்கும் மாதங்களில்தான் பழகினோம். கண்மாய் நல்ல வாத்தியார், ஆனால் அது நடத்தாத பாடங்களும் இருக்கின்றன.

கார்த்திகை பிறந்து சில நாள் ஆகியிருந்தது. வைகையின் கடைசிக் கொஞ்ச தூரத்தில் ஓட்டி, ஆற்றங்கரை ஊர் அருகே கடலில் இறங்கி, கரையோரமாகத் தென்கிழக்கே போய்ப் பிறப்பன்வலசைப் பக்கம் ஏறுவது திட்டம். வைகை பற்றி ஊரில் ஒரு கேலி உண்டு, கடலைப் பார்க்காத ஆறு என்று. பெரும்பாலான வருடங்களில் அது உண்மைதான். வருகிற தண்ணீரைக் கண்மாய்கள் வாங்கிக்கொள்ளும். ஆனால் முகத்துவாரத்தில் எப்போதும் உப்புத்தண்ணீர் ஏறி நிற்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் சுற்றுவட்டாரத் தண்ணீரும் வடிந்து வந்து சேர்ந்தால் ஆறு ஆறாகவே தெரியும். அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. செம்மண் நிறம், மெதுவான ஓட்டம், அங்கங்கே அடித்துவந்த கிளைகள்.

காலை ஏழரைக்கு இறக்கினோம். இரண்டு பக்கமும் சீமைக்கருவேல், அதற்குப் பின்னால் பனை. தண்ணீர் மேல் காற்றே இல்லை. மழை தூறிக்கொண்டிருந்தது, ஆனால் நேராக விழுந்தது. மீன்கொத்தி ஒன்று முன்னால் முன்னால் பறந்து உட்கார்ந்தது. “இதுக்குப் போய் சூறைக்காத்துன்னு பயமுறுத்துறாங்களே அண்ணே” என்றான் தம்பி. நானும் தலையாட்டினேன்.

பனை மட்டைகளைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். உண்மையில் பார்த்தேன், அதுதான் வேதனை. எல்லா மரத்தின் மட்டைகளும் தென்மேற்குப் பக்கமாகச் சீவிவிட்ட மாதிரி சாய்ந்து, விடாமல் படபடத்துக்கொண்டிருந்தன. கண் பார்த்தது, மண்டையில் ஏறவில்லை. ஆற்றுக்குள் இருப்பவனுக்கு உயரமான கரையும் அடர்ந்த கருவேலும் காற்றை மறைத்துவிடும். ஆற்றில் தெரியும் தண்ணீரை வைத்துக் கடலை எடைபோட்டது நாங்கள் செய்த முதல் தவறு. இப்போதெல்லாம் படகை வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்னால் கடற்கரைக்கு நடந்து போய்ப் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் ஆற்றுக்கு வருகிறோம். நீரின் மேல் அங்கங்கே வெள்ளை நுரைத்தலைகள் தெரிய ஆரம்பித்தால் காற்று சுமார் இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிட்டது என்று ஒரு தோராயக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். எங்களைப் போன்றவர்களுக்கு அதுவே எல்லை. நாற்பது கிலோமீட்டர் என்றால் அதைப் போல இரண்டு மடங்கு என்று நினைக்க வேண்டாம். காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

அழகன்குளம் பக்கம் வரும்போது கொஞ்ச நேரம் துடுப்பை நிறுத்திவிட்டு மிதந்தோம். அங்கே தொல்லியல் துறை தோண்டியதில் ரோமானிய நாணயங்களும் பானை ஓடுகளும் கிடைத்தன. ஓர் ஓட்டின் மேல் பாய்மரக் கப்பல் ஒன்றைக் கீறி வைத்திருந்தார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் இந்த முகத்துவாரத்துக்குக் கப்பல் வந்திருக்கிறது என்றால், வந்தவர்கள் எந்தக் காற்றில் வந்தார்கள், எந்தக் காற்றுக்குக் காத்துக் கிடந்தார்கள் என்று யோசித்தேன். யோசித்த அளவுக்கு என் காற்றைப் பற்றி யோசிக்கவில்லை.

முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கரையில் ஒரு பெரியவர் சாக்கை விரித்து, தலையில் இன்னொரு சாக்கைக் கொங்காணி மாதிரி போட்டுக்கொண்டு வலை பின்னிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையை நீட்டி நிறுத்தினார்.

“எங்கிட்டுப் போறீக?”

சொன்னோம்.

“வாடை ஏறிக்கிட்டு வருது தம்பிகளா. தண்ணி வேற வத்துது. ஆத்துக்குள்ளயே ரெண்டு சுத்து சுத்திட்டுப் போங்க.”

“கரையோரமாத்தான் போறோம் ஐயா. சும்மா கொஞ்ச தூரம்.”

அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து பழைய போனை எடுத்து, “நம்பரைச் சொல்லு” என்றார். ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குச் சொல்வது என்பதற்காகக் கேட்கிறார் என்று புரிந்தும் புரியாத மாதிரி சொல்லிவிட்டு நகர்ந்தோம். அன்றைக்கு நாங்கள் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான், அதுவும் நாங்களாகச் செய்ததில்லை.

“தண்ணி வத்துது” என்று அவர் சொன்னதன் பொருள் அடுத்த பத்தாவது நிமிடம் தெரிந்தது.

பாக் நீரிணைப் பக்கம் ஏற்ற வற்றம் பெரிதாக இருக்காது, ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் முகத்துவாரம் ஒடுக்கமான வாய். வற்றும் நேரத்தில் உள்ளே நின்ற தண்ணீர் முழுக்க அந்த வாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதோடு மழைத்தண்ணீரும் சேர்ந்தால் ஓட்டம் கடலைப் பார்த்து வேகமாகப் போகும். எதிரே வாடைக்காற்று அலையைக் கரையைப் பார்த்துத் தள்ளுகிறது. இரண்டும் முட்டும் இடத்தில் அலை நிமிர்ந்துவிடும். அதே உயர அலை வேறு இடத்தில் படகைத் தூக்கி இறக்கிவிட்டுப் போகும். இங்கே அது சுவர் மாதிரி நிற்கும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் மூச்சுவிட நேரமிருக்காது. இந்தக் கடல் ஆழமில்லாதது என்பதும் சேர்ந்துகொள்கிறது. ஆழமில்லாத கடலில் காற்று எழுப்பும் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் இருக்கும்.

ஓட்டம் பின்னாலிருந்து தள்ளியதால், நிறுத்தி யோசிக்கலாம் என்று நினைத்தபோது நாங்கள் ஏற்கெனவே உள்ளே இருந்தோம். கடலுக்குப் போவதா வேண்டாமா என்பதை முகத்துவாரத்தில் முடிவு செய்யலாம் என்று நினைத்திருந்தோம். அங்கே அந்த முடிவை ஓட்டம் எடுத்துவிடுகிறது. குறைந்தது அரை கிலோமீட்டர் முன்னாலேயே கரையேறி, நடந்து போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

முதல் மூன்று அலையை மூக்கை நேராகக் கொடுத்துத் தாண்டினோம். நான்காவதில் மச்சினன் ஒரு வீச்சைத் தவறவிட்டான், படகு பக்கவாட்டில் திரும்பியது. பக்கவாட்டில் அலை வந்தால் அதை விட்டு விலகிச் சாயத்தான் உடம்பு சொல்லும். சாய வேண்டியது அலையின் பக்கம். துடுப்பின் தட்டையை அலையின் மேல் படுக்கவைத்து அதன் மேல் எடையைப் போட வேண்டும். கண்மாயில் இதை நூறு முறை செய்திருக்கிறேன். முகத்துவாரத்தில் நான் கரைப்பக்கம்தான் சாய்ந்தேன். கவிழ்ந்தோம்.

தண்ணீருக்குள் போனதும் எனக்கு முதலில் கேட்டது மச்சினனின் இருமல். அவன் லைஃப் ஜாக்கெட்டின் வாரை இறுக்கியிருக்கவில்லை. ஜாக்கெட் காது வரைக்கும் ஏறி, அவன் தலை ஆமைத்தலை மாதிரி உள்ளே போய்விட்டது. மிதக்கிறான், ஆனால் எதையும் பார்க்க முடியவில்லை. இறுக்கிக் கட்டியபின் தோள் வாரைப் பிடித்து இன்னொருவர் மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். ஜாக்கெட் தாடைக்கு மேல் வந்தால் சரியில்லை என்று அர்த்தம். இரண்டு விநாடி வேலை. காலையில் செய்யவில்லை.

நல்ல வேளை, அவன் படகை விடவில்லை. இரண்டு கையாலும் படகைப் பிடித்ததால் துடுப்பு போய்விட்டது. இரண்டில் ஒன்றுதான் பிடிக்க முடியும் என்றால் படகைப் பிடிப்பதுதான் சரி. ஆள் இல்லாத படகைக் காற்று கொண்டுபோகும் வேகத்துக்கு யாராலும் நீந்த முடியாது. ஆனால் துடுப்பை ஒன்றரை மீட்டர் கயிற்றால் படகோடு கட்டியிருந்தால் இரண்டும் கையில் இருந்திருக்கும்.

கால் தட்டுப்பட்டது. கழுத்தளவு, அப்புறம் நெஞ்சளவு. நின்றுவிடலாம் என்று ஊன்றினால் சேறு கணுக்காலுக்கு மேல் இழுத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து அலை படகைத் தூக்கி என் மேல் போட வந்தது. நான் படகுக்கும் கரைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். கவிழ்ந்த படகின் எடையை அலை முதுகில் சுமந்து வரும்போது நடுவில் இருப்பவனின் விலா எலும்பு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முங்கி மறுபக்கம் போனேன். கடல் பக்கம் நின்று படகைப் பிடித்துக்கொள்ள வேண்டும், கரைப்பக்கம் ஒருபோதும் நிற்கக்கூடாது. இதை மட்டும் அன்றைக்கு உடம்பே கற்றுக்கொண்டது.

திரும்ப ஏறவில்லை. ஏற முயன்றால் இன்னொரு முறை கவிழ்ந்திருப்போம். படகைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தபடி மிதந்தோம். முகத்துவாரத்தின் இழுப்பைத் தாண்டியதும் காற்றும் அலையும் எங்களை அப்படியே கொண்டுபோய், கால் மணி நேரத்தில் ஊர் மணலில் போட்டன. நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. கடல்தான் செய்தது. இந்த விஷயம் பிற்பகலில் எவ்வளவு பெரிதாகப் போகிறது என்று அப்போது தெரியாது.

தம்பியோ கவிழவே இல்லை. ஒற்றைப் படகு இலேசு, அவனும் இலேசு. முகத்துவாரத்துக்கு வெளியே போய், திரும்பி, ஓர் அலையின் மேல் சறுக்கிக்கொண்டே கரைக்கு வந்து, “அண்ணே, செம!” என்று கத்தினான். அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

மணலில் உட்கார்ந்ததும் நடுக்கம் வந்தது. கடல் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. நனைந்த பருத்திச் சட்டையில் காற்று அடிப்பதுதான் ஆளைக் கொல்கிறது. ராமநாதபுரத்தில் குளிரால் பல்லடிக்கும் என்று யாராவது சொன்னால் நம்பியிருக்க மாட்டேன். போனை எடுத்தேன். உறைக்குள் பத்திரமாகத்தான் இருந்தது, ஆனால் விரல் ஈரம், திரை ஈரம், தொட்டால் எங்கெங்கோ போகிறது. கடலோரக் காவல் குழுமத்தின் 1093, கடலோரக் காவல் படையின் 1554 இரண்டு எண்களும் சேமித்து வைத்திருந்தேன். தண்ணீருக்குள் இருந்தபோது இந்தப் போனில் அவர்களைக் கூப்பிட்டிருக்கவே முடியாது. இப்போது மூவர் கழுத்திலும் ஒரு விசில் தொங்குகிறது. ஈரமானாலும் அது வேலை செய்யும்.

பெரியவர் கரையோரமாக நடந்து வந்து, மூன்று தலையையும் எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அத்தோடு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். உச்சிப்புளியில் ஒரு கடையில் பரோட்டாவும் இரண்டிரண்டு டீயும் உள்ளே போனதும் வேறு மாதிரி பேச்சு ஆரம்பித்தது. பேச்சை ஆரம்பித்தது நான்தான், தம்பி மேல் பழி போட மாட்டேன்.

எங்கள் பக்கம் நிலம் ஒடுங்கி ஒடுங்கி மண்டபத்தில் ஒரு நாக்காக முடிகிறது. வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். வடக்குப் பாக் நீரிணை, தெற்கு மன்னார் வளைகுடா. வடக்கைப் பெண் கடல் என்றும் தெற்கை ஆண் கடல் என்றும் ராமேஸ்வரம் வருகிறவர்களுக்குச் சொல்வார்கள். ஒன்று அடக்கம், ஒன்று முரடு என்பது அதன் கருத்து. (கடலுக்குப் பெயர் வைத்தவர்களின் வீட்டுப் பெண்கள் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்குத் தெரியாது.) தொழிலுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பாதி வருடத்துக்குத்தான் சரி. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் ஆனி ஆடியில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் கிடக்கும். வாடைக் காலத்தில் அப்படியே மாறிவிடும். அதனால்தான் பருவம் பார்த்துப் படகை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மாற்றிக்கொள்கிறவர்கள் உண்டு.

“வடகடல்தான் இன்னைக்கு ஆகாது. தென்கடல் தட்டையா இருக்கும், வாங்க” என்றேன். நாலும் தெரிந்தவன் மாதிரி. நான் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் சங்கடம்.

புதுமடம் பக்கம் போய்ச் சேரும்போது மூன்றரை. வானம் கொஞ்சம் வெளுத்திருந்தது. கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்தது. கரையோரத் தென்னைகளுக்கு அடியில் காற்றே தெரியவில்லை. காலையில் பார்த்ததும் இதுவும் ஒரே ஊர்க் கடல் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். துடுப்பு இரண்டுதான் மிச்சம். அதனால் தம்பி மட்டும் ஒற்றைப் படகில் போய்விட்டு வருவது, நாங்கள் கரையில் உட்காருவது என்று பேச்சு. தீவுப் பக்கம் தலைவைக்கக்கூடாது என்று மட்டும் சொன்னேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது. அவ்வளவு சட்டம் பேசிய வாய் காற்றைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

தம்பி சுலபமாகப் போனான். மிகச் சுலபமாக. இருபது வீச்சில் நூறு மீட்டர் போய்விட்ட மாதிரி இருந்தது. அவனுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினான். முன்னூறு மீட்டர் போல இருக்கும்போது திரும்பினான். திரும்பியவன் அங்கேயே இருந்தான்.

துடுப்பு சுழல்வது தெரிந்தது. படகு நகர்வது தெரியவில்லை. மச்சினன்தான் முதலில் கவனித்தான். “மச்சான், அவன் வர்ற மாதிரி இல்லியே. போற மாதிரில்ல இருக்கு.”

வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. வடகரையில் நின்றால் அது கடலிலிருந்து கரைக்கு வரும் காற்று. அதே காற்று நிலத்தைத் தாண்டித் தென்கரைக்கு வரும்போது கரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று. கரையை ஒட்டிய தண்ணீர் தட்டையாக இருப்பதற்குக் காரணம் காற்று இல்லாததல்ல. நிலமும் தென்னையும் அதை மறைக்கின்றன, அலை எழும்பக் காற்றுக்கு இன்னும் தண்ணீர்ப் பரப்பு கிடைக்கவில்லை, அவ்வளவுதான். நூறு மீட்டர் தாண்டினால் காற்று தண்ணீர் மட்டத்துக்கே இறங்கி வந்துவிடும். முன்னூறில் முழுதாக இருக்கும். கரையிலிருந்து பார்ப்பவனுக்கு அந்த அலைகளின் முதுகுதான் தெரியும், நுரை மறுபக்கம் இருக்கும். அதனால் நமக்குக் கடல் உண்மையைவிட அமைதியாகவே தெரியும்.

நான் பெரிய படகை எடுத்துக்கொண்டு ஒரு துடுப்போடு போனேன். மச்சினனிடம் அவனை விட்டுக் கண்ணை எடுக்காதே, கையை நீட்டிக் காட்டிக்கொண்டே நில் என்று மட்டும் சொன்னேன். இரண்டு பேரும் போயிருந்தால் நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று சொல்லக் கரையில் ஓர் ஆள் இருந்திருக்க மாட்டான். தம்பியிடம் போய்ச் சேர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிடமும் என் வயிற்றைக் கலக்கிக்கொண்டே இருந்தது. இவ்வளவு சுலபமாக வந்தால் திரும்புவது எப்படி?

அவன் முகம் வெளிறியிருந்தது. காலையில் பார்த்த வெளிச்சம் இல்லை. “கை வரலண்ணே” என்றான். அவனைப் பெரிய படகுக்கு மாற்றி, ஒற்றைப் படகைப் பின்னால் கட்டி, இரண்டு பேரும் துடுப்புப் போட்டோம். நிதானமாக ஓட்டினால் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் போகிற படகு. எதிர்க்காற்றில் அது நகர்கிறதா என்று தெரிந்துகொள்ளவே கரையில் ஓர் அடையாளம் தேவைப்பட்டது. ஒரு தென்னைக்கு நேர் பின்னால் செல்போன் கோபுரம் ஒன்று. பக்கவாட்டில் வழுகினால் இரண்டும் விலகும், நேராக இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். அதையே பார்த்துக்கொண்டு போட்டோம். உடம்பை முன்னால் குனித்து, துடுப்பைத் தாழ்வாகப் பிடித்து, காற்று ஓங்கும்போது இருக்கிற இடத்தைக் காப்பாற்றிக்கொண்டு, அது மூச்சு வாங்கும்போது இழுத்தோம். காற்று ஒரே சீராக அடிப்பதில்லை, இடைவெளி விடும். அந்த இடைவெளியில்தான் நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்தோம்.

“சின்னப் படகை விட்டுருவோமாடா?”

“வேண்டாம்ணே. பதினெட்டாயிரம்.”

விட்டிருக்க வேண்டும். ஆள் இல்லாமல் பின்னால் ஆடும் படகு, தண்ணீரில் விரித்த குடை மாதிரி இழுத்தது. பணம் பேசும் நேரமா அது என்று வீட்டில் உட்கார்ந்து கேட்பது சுலபம், அங்கே நானும் அவன் பேச்சைத்தான் கேட்டேன். தெற்கே வானம் தெளிவு, வடக்கே திரும்பினால் நிலத்தின் மேல் கருமேகம் திரை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. மழைத்திரை வருவதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்னால் சில்லென்று ஒரு காற்று வரும், அதுதான் நாளின் பெரிய காற்றாக இருக்கும். இந்தக் கரையின் மேகத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, பெரிய புயல் எதுவும் இல்லாமலேயே. மணி நாலரை தாண்டியிருந்தது. கார்த்திகையில் ஆறு மணிக்குள் பொழுது அடைந்துவிடும்.

பாதி தூரம்கூட வந்திருக்க மாட்டோம். மச்சினன் கரையிலிருந்து கத்திய சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை, ஆனால் கரையோரம் போட்ட நண்டுவலையை எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஃபைபர் படகுக்காரருக்குக் கேட்டிருக்கிறது. கரைக்குப் பக்கத்தில், காற்றின் போக்கில் நின்றதால் கேட்டது. கூண்டு ஏறிய நாளில் அவரும் கடலில் இருந்திருக்கக்கூடாதுதான். வலை போய்விடுமே என்று வந்தவர். சுற்றி வந்து, காற்றுக்கு மேல்பக்கம் நின்று, கயிற்றை எறிந்தார். கயிறு தானாக எங்கள் மேல் வந்து விழுந்தது. காற்றுக்குக் கீழ்ப்பக்கம் நின்று எறிந்திருந்தால் அவர் முகத்திலேயே அடித்திருக்கும். இந்த மாதிரி விஷயங்களை அவர்கள் யோசிப்பதில்லை, கை செய்கிறது.

கரையில் டீசலுக்கு என்று பணம் நீட்டினேன். வாங்கவில்லை. திட்டினார், வயிறு நிறையத் திட்டினார். அதில் ஒரு பகுதியை மட்டும் அப்படியே எழுதுகிறேன்.

“வாடையில வடகடல் கத்தும்ப்பா. கத்தினாலும் கொண்டாந்து கரையிலதான் போடும். இது சத்தமே போடாது. கூட்டிக்கிட்டுப் போயிரும். தீவைத் தவறவிட்டீகன்னா அப்புறம் யாரு தேடுறது?”

காலையில் எங்களைப் பயமுறுத்தியது கரைக்குத் தள்ளும் கடல். பிற்பகலில் எங்களை ஏமாற்றியது உள்ளே இழுக்கும் கடல். இரண்டும் ஒரே காற்று. இதற்குப் பிறகு கடலின் முகத்தைப் பார்த்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. கரைக்கு முதுகைக் காட்டி நின்று, காற்று முகத்தில் அடிக்கிறதா முதுகில் அடிக்கிறதா என்று பார்ப்பேன். கடலைப் பார்த்து நிற்கும்போது முதுகில் அடித்தால், தண்ணீர் எவ்வளவு அழகாக இருந்தாலும் இடுப்பளவுக்கு மேல் போவதில்லை. இலேசான காற்றிலும் முதலில் காற்றை எதிர்த்துப் போகிறோம், கை ஓயும்போது அது வீட்டுக்குக் கொண்டுவந்து விடும். கூண்டு ஏறினால் கண்மாய்தான், கேள்வியே இல்லை.

உபரித் துடுப்பு ஒன்று வாங்கிவிட்டோம், இரண்டாகக் கழற்றிப் படகின் முதுகில் கட்டிவைக்கும் வகை. ஆளையும் படகையும் இணைக்கும் கயிறு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். கடலில் அது உயிர் காக்கும். ஆனால் ஓடும் ஆற்றில் சீமைக்கருவேல் கிளையில் அது மாட்டினால், தண்ணீர் நம்மை அங்கேயே அமுக்கிப் பிடித்துவிடும். அதனால் ஆற்றில் கழற்றி வைத்துவிட்டு, முகத்துவாரத்துக்கு முன்னால் கரையேறும் இடத்தில் மாட்டிக்கொள்கிறோம். மாட்டுவதும் கணுக்காலில் இல்லை, இடுப்பில், ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி.

தம்பிக்கு இரண்டு உள்ளங்கையும் கொப்புளம். அன்றிரவு உச்சிப்புளியில் அதே கடையில் டீ கிளாஸை மணிக்கட்டுகளுக்கு நடுவில் வைத்துக் குடித்தான். கயிறு கட்டும் அமளியில் அவன் தொப்பியும் பறந்து போயிருந்தது. அவன் அக்கா சென்னையிலிருந்து வாங்கி அனுப்பியது.

ஐந்து நாள் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

“தம்பி, ஆத்தங்கரையிலருந்து பேசுறேன். ஒங்க துடுப்பு மஞ்சக் கலருதானே? இங்கனக்குள்ள ஒதுங்கிக் கெடக்கு. வந்து எடுத்துக்கிறீகளா?”

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போய் வாங்கிக்கொண்டு வந்தோம். பெரியவருக்குப் பனங்கற்கண்டு ஒரு பொட்டலம். துடுப்பின் ஒரு முனையில் கொஞ்சம் சிராய்ப்பு, மற்றபடி நன்றாக இருந்தது. வரும் வழியில் புதுமடத்திலும் இறங்கித் தொப்பியைப் பற்றிக் கேட்டுப் பார்த்தான் தம்பி. யாரும் பார்க்கவில்லை.